ஜன்னற் கண்ணாடியும் மனிதக் கடமையும்

அறத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பெரிய பொருள்களையே எடுத்துக்கொள்வது வழக்கம். கொலை, களவு, பொய், போர், அரசு, மதம் ஆகியவற்றைக் குறித்து ஆயிரக்கணக்கான நூல்கள் எழுந்துள்ளன. ஆனால் கொலை செய்யலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய சந்தர்ப்பம் சாதாரண மனிதனுக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருவது அரிது. வீட்டைக் கூட்டுவது யார், பாத்திரம் துலக்குவது யார், ஜன்னற் கண்ணாடியைத் துடைப்பது யார் என்று தீர்மானிக்கும் சந்தர்ப்பமோ நாள்தோறும் வருகின்றது. ஆகவே ஒருவனுடைய அறத்தை அறிய விரும்புவோர், அவன் மேடையிற் பேசுவதைக் கேட்பதினும், அவன் வீட்டு ஜன்னலைத் துடைப்பவர் யார், எங்கே நின்று துடைக்கிறார் என்று பார்ப்பதே நலமாகும்.

“ஜன்னல் துடைப்பதிலும் ஒரு தத்துவமா?” என்று நேயர்களுட் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பு ஒருபுறமிருக்க, நம்முன் உள்ள வினாவை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். தன் வீட்டுக் கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக, தான் நிற்க அஞ்சும் இடத்தில் மற்றொருவரை நிற்கச் சொல்ல ஒருவனுக்கு உரிமை உண்டா? கூலி கொடுத்த மாத்திரத்தில் அவ்வுரிமை வந்துவிடுமா? கூலிக்கு ஆள் வைத்துத் துடைப்பது முறையே எனின், அக்கூலிக்கு மேல் அவருக்கு நாம் கடமைப்பட்டது ஏதேனும் உண்டா? இவையே வினாக்கள். இவற்றுக்கு விடை காண்பது, நகரத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்ட நம்மவர்க்கு இன்று மிகவும் அவசியமாகின்றது.

கண்ணாடி வந்த வழி

மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கடுந்தீயில் உருக்கினால் கண்ணாடி பிறக்கின்றது. மிக மலிவான பொருள்களிலிருந்து பிறந்தாலும், அது நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டில் வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். வரிக்கு அஞ்சிய மக்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒளியும் காற்றும் அற்ற அறைகளில் ஏழைகள் வாழ நேர்ந்தது. கண்ணாடியின் மீதிருந்த தனி வரி 1845-இலும், ஜன்னல் வரி 1851-இலும்தான் ஒழிந்தன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு, மேடுபள்ளமற்ற பலகைகளாக வார்க்கும் முறையை ஆங்கில நாட்டுப் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959-இல் வெளியிட்டனர். அதன் பின்னரே பெரிய, தெளிந்த, கோணல் இல்லாத கண்ணாடி எல்லார் வீட்டுக்கும் வந்தது.

நம்மவர் கதை வேறு. பால்மரக் காடுகளில் துரையின் பங்களாவுக்குக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. லயத்து வீட்டுக்குப் பலகை ஜன்னல்தான். பங்களாக் கண்ணாடியைத் துடைத்தவர் லயத்திலிருந்து சென்றவர். அவர் வீட்டிலோ துடைப்பதற்குக் கண்ணாடியே இல்லை. மாலையில் விளக்கேற்றியபின், உள்ளே துரை உணவருந்துவது அக்கண்ணாடி வழியே தெரியும். அதைத் துடைத்தவர் வெளியே நின்றார்.

அந்நிலை மாறிவிட்டது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. அத்தாப்புக் கூரைகளிலும் கம்பங்களிலும் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளுக்கு ஏறினர். மலேசியாவிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் நகர் விரிவுக்கும் இடம் கொடுத்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்து அடுக்ககங்களுக்கு வந்தார்கள். இன்று பத்தாம் மாடியிலும் இருபதாம் மாடியிலும் தமிழர் வீடுகளில் சுவரளவு கண்ணாடி இருக்கின்றது. இது மகிழத்தக்க முன்னேற்றமே. ஆனால் கண்ணாடி வந்தபோது அதனுடன் ஒரு கேள்வியும் வந்தது. துரை இருந்த இடத்தில் இப்பொழுது நாம் இருக்கிறோம். துடைப்பவர் இருந்த இடத்தில் இப்பொழுது யார் இருக்கிறார்?

கோடு விழுவது ஏன்?

கண்ணாடி துடைப்பதை எவரும் செய்யக்கூடிய அற்ப வேலையென்று எண்ணுவோர், ஒரு முறை தாமே செய்து பார்ப்பாராக. துணியை நனைத்துத் தேய்த்துவிட்டு விலகி நின்றால், முன்னிருந்த தூசியைவிட இப்போதுள்ள கோடுகளே அதிகமாகத் தோன்றும். காரணம் எளிது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள், தண்ணீர் ஆவியாகும்போது கண்ணாடிமீதே தங்கிவிடுகின்றன. சோப்பை மிகுதியாகக் கலந்தால் அதுவும் படலமாகப் படிகின்றது. அழுக்குத் துணி, அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் பூசுகின்றது. உச்சிவெயிலில் துடைத்தாலோ, கை எட்டுமுன்பே நீர் உலர்ந்து கோடாகி நிற்கின்றது.

தொழிலறிந்தவர் செய்யும் முறை வேறு. முதலில் உலர்ந்த தூரிகையால் சட்டத்திலுள்ள தூசியை நீக்குவார். பின்னர், ஒரு வாளித் தண்ணீருக்குச் சில துளி சோப்பு மட்டும் கலந்து கண்ணாடியை நனைப்பார். அதன்மேல் ரப்பர் விளிம்புள்ள வழிப்பானை மேலிருந்து கீழாகவோ, பாம்பு வளைவது போல் ஒரே இழுப்பாகவோ இழுப்பார். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் ரப்பரைத் துடைத்துக்கொள்வார். முந்தைய இழுப்பின் ஓரத்தைச் சிறிது தழுவியே அடுத்த இழுப்பைத் தொடங்குவார். முடிவில், பஞ்சிழை உதிராத உலர்ந்த துணியால் ஓரங்களை மட்டும் ஒற்றியெடுப்பார். வெயில் நேரே விழாத காலையிலோ மாலையிலோதான் இவ்வேலையைத் தொடங்குவார். இவர் கையிலுள்ள அந்த இலேசான ஒற்றை ரப்பர்க் கருவியை 1930-களில் அமெரிக்காவின் ஓக்லந்து நகரில் உருவாக்கிப் பரப்பியவர் எத்தோரே ஸ்தெக்கோனே என்னும் இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளி. அவரும் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவரே. மேசையிலிருந்து படம் வரைந்த அறிஞரால் அன்று, ஜன்னலில் நின்று கை வலித்த தொழிலாளியால் அக்கருவி திருந்தியது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

இத்தொழிலில் மற்றொரு நுட்பமும் உண்டு. உட்புறத்தைக் குறுக்காகவும் வெளிப்புறத்தை நெடுக்காகவும் துடைத்தால், பின்னர்த் தெரியும் கோடு குறுக்கா நெடுக்கா என்பதைக் கொண்டே அது எப்புறத்ததென்று சொல்லிவிடலாம். இதை அறியாதவர், உள்ளே இருக்கும் கோட்டை வெளியே இருப்பதாக எண்ணி, “வெளிப்புறத்தை இன்னொரு முறை துடை” என்று ஆணையிடுவார். அவ்வீண் ஆணைக்காக ஓர் உயிர் இன்னொரு முறை விளிம்புக்குச் செல்ல நேரும்.

இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? இது ஒரு தொழில். இதற்குக் கண்ணும் கையும் பயிற்சியும் வேண்டும் என்பதையே காட்டுகின்றன. ஆனால் இத்தொழிலுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. தச்சன் செய்த நாற்காலி கண்முன் நிற்கின்றது. தையற்காரன் தைத்த சட்டையை ஊரார் புகழ்கின்றனர். கண்ணாடி துடைப்பவரின் வேலையோ, முழுமையடைந்தவுடன் காணாமற் போகின்றது. கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்தால்தான் அது நல்ல வேலை. ஒரு கோடு எஞ்சினால் மட்டுமே அவரை நினைக்கிறோம். அப்பொழுதும் குறை சொல்வதற்காகவே நினைக்கிறோம். நன்மை செய்யும்போது மறக்கப்பட்டு, பிழை செய்யும்போது மட்டும் நினைக்கப்படுவோர் உலகில் மிகப் பலர். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

உயரம் எழுப்பும் கேள்வி

தரைவீட்டு ஜன்னலைத் துடைப்பதில் அபாயம் ஒன்றுமில்லை. மாடி உயர உயர அதே வேலை உயிரோடு விளையாடும் வேலையாகின்றது. சிங்கப்பூரில், வெளிநாடுகளிலிருந்து வந்த இல்லப் பணிப்பெண்கள் உயர்ந்த மாடிகளிலிருந்து விழுந்து உயிரிழந்த செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தன. 2012-ஆம் ஆண்டின் முற்பாதியில் அத்தகைய மரணங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. சிலர் ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கும்போதே விழுந்தனர். அதன்மேல் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மனிதவள அமைச்சு ஒரு விதியை ஏற்படுத்திற்று. ஜன்னலுக்கு இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்தப்பட்டு, துடைக்கும் நேரம் முழுவதும் அது பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரரோ அவர் சார்பில் வயதுவந்த ஒருவரோ அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறன்றிப் பணிப்பெண்ணை வெளிப்புறத்தைத் துடைக்க விடலாகாது. கையைத் தவிர உடலின் எப்பகுதியும் விளிம்பைத் தாண்டக் கூடாது. தரைத்தள ஜன்னலுக்கும் பொது நடைபாதையை நோக்கிய ஜன்னலுக்கும் மட்டும் விலக்கு.

இவ்விதியைப் படிக்கும்போது நமக்குத் தோன்ற வேண்டியது ஒன்று. விளிம்புக்கு வெளியே உடலை நீட்டி நிற்கக் கூடாதென்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? அவ்வாறு நிற்பது அபாயமென்று அப்பெண்களுக்குத் தெரியாதா? வீட்டுக்காரர்க்குத் தெரியாதா? இருவர்க்கும் தெரியும். தெரிந்தும் அவள் நின்றாள். தெரிந்தும் இவர் நிற்கவிட்டார். ஆகவே இங்கு குறைவாயிருந்தது அறிவு அன்று.

மூன்று வாதங்கள்

முதல் வாதம், “அவரவர் வீட்டு வேலையை அவரவரே செய்ய வேண்டும், பிறரைக் கூலிக்கு வைப்பதே இழிவு” என்பது. இவ்வாதத்தில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. தன் அழுக்கைத் தான் நீக்கக் கூசுகின்றவன், அதை நீக்குபவரை மதிக்கப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் துடைப்பத்தையும் வாளியையும் கையிலெடுப்பவனுக்கு, அவ்வேலையின் பாரம் தெரியும். அது தெரிந்தவன் கூலி பேசும்போது கொஞ்சம் நாணுவான். ஆயினும் இவ்வாதம் முழுதும் செல்லாது. முதியோர், நோயாளிகள், இருவேளை வேலைக்குச் செல்வோர் என்ன செய்வர்? மேலும், பதினைந்தாம் மாடியின் வெளிக்கண்ணாடியை வீட்டுக்காரர் தாமே துடைக்க முயல்வது அறமும் அன்று, அறிவும் அன்று. அவர் உயிரும் உயிரே. அவர் விழுந்தாலும் கீழே நடப்பவர்மீதுதான் விழுவார். தொழில்கள் பிரிந்து வளர்ந்த உலகில், ஒருவர் வேலையை மற்றொருவர் செய்து பிழைப்பது இழிவன்று. ஆசிரியருக்குக் கூலி கொடுக்கிறோம், வைத்தியருக்குக் கூலி கொடுக்கிறோம். கண்ணாடி துடைப்பவருக்குக் கொடுப்பது மட்டும் எவ்வாறு இழிவாகும்?

இரண்டாவது வாதம், “கூலி பேசினேன், அவர் சம்மதித்தார், சம்மதித்தபின் எனக்கென்ன பொறுப்பு?” என்பது. இதுவே மிகப் பரவலான வாதம். இதுவே மிக ஆழமாக ஆராயத்தக்கது. சம்மதம் என்பது வாயால் “ஆம்” என்று சொல்வது மட்டுமா? “இல்லை” என்று சொல்லக்கூடியவர் சொன்ன “ஆம்” ஒன்றே சம்மதமாகும். கருவிகளோடும் கயிற்றோடும் வரும் தொழிலாளி ஒருவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, “இதை உள்ளேயிருந்து துடைக்க முடியாது, சாரமோ கயிறோ வேண்டும், இன்று மழை வரும்போலிருக்கிறது, நாளை வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். அன்று இவ்வீடு போனால் அவருக்கு வேறு வீடு உண்டு. வீட்டிலேயே உண்டு, வீட்டிலேயே உறங்கி, வந்த கடனுக்காகப் பல மாதச் சம்பளத்தைக் கழித்துக்கொடுத்து, எஜமானரின் ஒரு சொல்லால் மறுநாளே சொந்த நாட்டுக்குத் திருப்பியனுப்பப்படக்கூடிய பெண்ணோ “முடியாது” என்று எங்ஙனம் சொல்வாள்? அவள் “சரி, அம்மா” என்று சொல்லுகின்றாள். அச்சொல்லுக்குப் பின்னே அவள் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் தாயின் மருந்துச் செலவும் நிற்கின்றன. அதைச் சம்மதம் என்று அழைப்பது சொல்லைக் கொலை செய்வதாகும்.

இவ்வுண்மை பிறரைவிடத் தமிழருக்கு நன்கு விளங்க வேண்டும். நம் முன்னோரும் “சம்மதித்தே” கப்பலேறினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் காகிதத்தில் கைந்நாட்டு வைத்தார்கள். அக்காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுட் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஓடிப்போனால் சிறை, நோயில் கிடந்தால் சம்பளம் இல்லை. “கூலி பேசினோம், சம்மதித்தார்கள்” என்றே துரைமார்களும் சொன்னார்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் கொண்டுவரும் முறையும், 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தபோது முடிந்தது. அன்று நம் பாட்டன்மார் விஷயத்தில் அச்சம்மதம் போலியென்று வாதித்த நாம், இன்று இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும், ஏன், தமிழ்நாட்டிலிருந்தும் வந்து நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் விஷயத்தில் அதே போலியை மெய்யென்று சாதிக்கலாமா? ஒரே தராசில் இரண்டு எடைக்கல் வைத்திருப்பவன் வியாபாரியே அல்லன். அவனை அறவோன் என்பது எப்படி?

மூன்றாவது வாதம், “சட்டம் இருக்கிறது, சட்டத்தின்படி நடந்தால் போதும்” என்பது. சட்டம் வேண்டியதே; அதைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆனால் சட்டம் எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. இங்கிலாந்தில் குறுகலான புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யச் சிறுவர்களை உள்ளே ஏறவிட்டார்கள். நீண்ட காம்புள்ள தூரிகைகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. இருந்தும், சிறுவன் ஏறினால்தான் நன்றாகத் துடைக்கும் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1840-இல் சட்டம் தடுத்தது. எனினும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. 1875-இல் மற்றொரு சட்டம் வந்த பின்னரே அக்கொடுமை மறைந்தது. கருவி இருந்தது, சட்டமும் இருந்தது. இல்லாதிருந்தது வீட்டுக்காரரின் மனம் மட்டுமே. அம்முப்பத்தைந்து ஆண்டுகளில் மாண்ட சிறுவர்கள், நல்ல குடும்பங்களின் நல்ல அறைகள் சூடாக இருப்பதற்காகவே மாண்டார்கள்.

மேலும் சட்டம் எல்லாரையும் ஒரே கண்ணாற் பார்ப்பதில்லை. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம், நிறுவனத்தின் கீழ் உடலுழைப்புச் செய்யும் தொழிலாளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்கிறது. இல்லப் பணிப்பெண் அச்சட்டத்தினுள் அடங்கவில்லை. அவளுக்குத் தனி விபத்துக் காப்புறுதியே உண்டு. ஒரே ஜன்னலில் நிற்கும் இருவரில், ஒருவர் ஒரு சட்டத்தின் கீழும் மற்றவர் வேறொரு விதியின் கீழும் நிற்கிறார். கீழே உள்ள தரையோ இருவருக்கும் ஒன்றுதான். வீட்டுப் பணியாளருக்கும் பிற தொழிலாளர்க்குள்ள உரிமைகள் வேண்டுமென்று அனைத்துலகத் தொழில் அமைப்பு தனியே ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றியதே 2011-இல்தான். சிங்கப்பூரில் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் சட்டமானது 2013-இல். மாதத்தில் ஒரு நாளையேனும் பணம் கொடுத்து விலைக்கு வாங்க முடியாதென்று ஆனது 2023-இல். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, உறவினர் வருமுன் கண்ணாடி பளபளக்க வேண்டுமென்று வீட்டம்மாள் அவசரப்படும்போது, அவ்வீட்டுக்குள் வந்து நிற்கச் சட்டத்துக்குக் கால் இல்லை. அங்கே நிற்கக்கூடியது மனச்சாட்சி ஒன்றே.

அழுக்கும் சாதியும்

இக்கேள்வியின் வேர் நம்மவரிடையே இன்னும் ஆழத்தில் இருக்கின்றது. அழுக்கை உண்டாக்குபவன் மேலோன், அழுக்கை நீக்குபவன் கீழோன் என்று ஒரு விபரீதக் கணக்கைப் பல நூற்றாண்டுகளாக நம் சமூகம் போட்டுவைத்தது. துணியை அழுக்காக்கியவர் திண்ணையில் அமர்ந்தார். வெளுத்தவர் தெருக்கோடியில் நின்றார். சிங்கப்பூரில் வாளிக் கழிப்பிடங்கள் 1987-ஆம் ஆண்டு வரை இருந்தன. அவ்வாளிகளைத் தூக்கியவரும், நகராண்மையின் சாக்கடைகளையும் தெருக்களையும் கூட்டியவரும் இல்லாதிருந்தால் நகரம் ஒரு வாரம் நிலைத்திராது. அவர்களுட் கணிசமானோர் தமிழர். அவர்களுக்குப் பெண் கொடுக்க மறுத்தவர்களும், அவர்களோடு சமமாக அமர்ந்துண்ண மறுத்தவர்களும் தமிழரே.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து சென்ற பின், இந்நாட்டில் சீர்திருத்த உணர்ச்சி பரவிற்று. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932-இல் அமைந்தது. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கினோம். கோயில்களில் அனைவரும் நுழைய வேண்டுமென்று போராடினோம். அப்போராட்டம் பெருமைக்குரியதே. ஆனால் சாதி கோயில் வாயிலில் தோற்றபின், சமையலறை வாயிலில் வந்து ஒளிந்துகொண்டதோ என்று நாம் பார்க்க வேண்டும். பணிப்பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை. ஜன்னல் துடைக்க வந்தவருக்குத் தண்ணீர் கேட்டால் குழாயடி. வந்தவர் பெயரைக் கேளாமல் “ஏய்” என்று விளித்தல். இவற்றைச் செய்கிறவர் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சாதிக்கு வேறு பெயர் சூட்டினால் அது வேறு பொருளாகிவிடுமா?

கூலிக்கு மேல் உள்ள கடமை

ஆள் வைத்துத் துடைப்பது குற்றமன்று. வைப்பவர் எவ்வாறு வைக்கிறார் என்பதிலேயே குற்றமும் குணமும் உள்ளன. ஆகவே நடைமுறையில் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம்.

முதலாவது, வீட்டிலுள்ள பணிப்பெண்ணை உட்புறத்தை மட்டும் துடைக்கச் சொல்லுவோமாக. வெளிப்புறம் வேண்டுமெனில், கம்பிச் சட்டம் பூட்டியிருக்க, நாம் அருகில் நிற்க, கை எட்டுமளவே துடைக்கட்டும். எட்டாத மூலை எட்டாததாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, உயரத்து வெளிக்கண்ணாடிக்குப் பயிற்சி பெற்ற தொழிலாளரை அழைப்போமாக. அழைக்கும்போது “எவ்வளவு?” என்று மட்டும் கேளாமல், “கயிறு உண்டா? இடுப்பு வாரைப் பூட்டும் இடம் எது? காப்புறுதி உண்டா?” என்றும் கேட்போமாக. சிங்கப்பூரில் உயரத்து வேலைக்கென 2013-இல் தனி விதிமுறைகள் வந்துள்ளன. அவற்றை அறிந்தவரா என்று கேட்பதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. பலரிடம் விலை கேட்டு மிகக் குறைந்ததையே எடுப்பது வீட்டுக்காரரின் சாமர்த்தியம் என்று கருதப்படுகின்றது. அக்குறைந்த விலையில் எது குறைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. சோப்பைக் குறைத்து அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. கயிற்றையும் இரண்டாவது ஆளையுமே குறைத்திருப்பார்கள். பத்து வெள்ளி மிச்சமென்று நாம் மகிழும்போது, அப்பத்து வெள்ளிக்கு ஒருவர் தம் உயிரின் ஒரு பகுதியை அடகு வைத்திருக்கலாம்.

மூன்றாவது, “இன்று முடியாது” என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வோமாக. காற்றையும் மழையையும் நம்மைவிட அவர் நன்கறிவார். தொழிலாளி மறுக்கும் உரிமையை மதிப்பவரே அவருடைய சம்மதத்தை உண்மையில் பெற்றவர்.

நான்காவது, குடிக்கத் தண்ணீரும் கை கழுவ இடமும் அமர நாற்காலியும் கொடுப்போமாக. பெயரைக் கேட்போமாக. பேசிய கூலியை அன்றே கொடுப்போமாக. எங்கேனும் கோடு எஞ்சியிருந்தால், அது உட்புறமா வெளிப்புறமா என்று நாமே பார்த்தபின், “இவ்விடத்தை ஒரு முறை பாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லலாம். ஒரு கோட்டைக் காட்டிக் கூலியில் கழிப்பது வழிப்பறிக்கு ஒப்பாகும்.

ஐந்தாவது, கீழே நடப்பவரையும் நினைப்போமாக. பழைய ஜன்னல் கதவுகளின் அலுமினிய ஆணிகள் தேய்ந்து, கதவோடு கண்ணாடி விழுந்த சம்பவங்களால், துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் பொருத்த வேண்டுமென்று சிங்கப்பூர் அரசாங்கம் 2004-இல் கட்டாயமாக்கியது. கண்ணாடியைப் பளபளப்பாக்கும் முன் அதைத் தாங்கும் ஆணியைச் சோதிப்பதே முறை. மலேசியாவில் அடுக்ககங்களில் வாழ்வோரும் இதைத் தாமாகவே செய்தல் நன்று.

“கூலிக்கு ஆள் வைக்க வசதியற்ற எளிய குடும்பம் என்ன செய்யும்?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர்களுக்குச் சொல்லக்கூடியது: கம்பிச் சட்டத்தினுள் நின்று, நீண்ட காம்புள்ள வழிப்பானைக் கொண்டு எட்டியவரை துடையுங்கள், பெய்யும் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரே மாடியில் வாழும் பல குடும்பங்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை தொழிலாளரை அழைத்தால் செலவும் பகிரப்படும், அவருக்கும் ஒரு நாள் முழுதும் வேலை கிடைக்கும். அதுவும் இயலாவிடின், கோடு படிந்த ஜன்னலோடு வாழுங்கள். அதனால் ஒரு குடியும் கெட்டதில்லை.

தெளிவு எதற்காக?

கடைசியாக, இத்தெளிவை நாம் எதற்காக விரும்புகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிச்சமும் காற்றும் சுகாதாரத்துக்கு இன்றியமையாதவை. ஜன்னல் வரிக்கு அஞ்சி இருளில் வாழ்ந்த மக்களின் கதையே அதற்குச் சான்று. 2013-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றின் மாசுக் குறியீடு 401 வரை உயர்ந்தது. அத்தகைய புகைமூட்ட நாள்களில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, புகை நீங்கியபின் படிந்த கரியைத் துடைப்பது அவசியமே. ஆனால் ஒளிக்காகத் துடைப்பது வேறு. ஊரார் மெச்சத் துடைப்பது வேறு. ஒளி வருவதற்குக் கண்ணாடி ஓரளவு சுத்தமாயிருந்தால் போதும். ஒரு கோடுகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் விருந்தினருக்கும் அயலாருக்குமாக நாம் வளர்த்துக்கொண்ட ஆசை. அவ்வாசையும் பாவமன்று, அழகை விரும்புவது மனித இயல்பு. எனினும் அவசியத்துக்காக ஒருவரைச் சிறிது சிரமப்படுத்தலாம். அலங்காரத்துக்காக ஒருவரை அபாயத்தில் நிறுத்தலாகாது. அவசியத்துக்கும் அலங்காரத்துக்கும் உள்ள இவ்வெல்லையை அறியாத வீடு, எவ்வளவு துடைத்தாலும் சுத்தமான வீடாகாது.

ஆகவே நேயர்காள்! நாம் தொடங்கிய வினாவுக்கு விடை இதுவே. தான் நிற்க அஞ்சும் இடத்தில் பிறரை நிற்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. கூலியும் அவ்வுரிமையைத் தராது. அவ்விடத்தை அஞ்ச வேண்டாத இடமாக ஆக்கக்கூடிய கருவியும் பயிற்சியும் காப்பும் உடையவரை, மறுக்கும் உரிமையோடு, தக்க கூலிக்கு அழைக்கலாம். அழைத்தவர், அவரைத் தம்மைப் போன்ற மனிதராக நடத்தக் கடமைப்பட்டவர். அவ்வாறு செய்ய இயலாதபோது கண்ணாடி அழுக்காகவே இருக்கட்டும். அழுக்குக் கண்ணாடியை அடுத்த வாரம் துடைத்துக்கொள்ளலாம். விழுந்த உயிரை எடுத்து நிறுத்த எந்த வாரமும் வராது.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கும், லயத்திலிருந்து அடுக்குமாடிக்கும் ஏறிவந்த சமூகம் நாம். ஏறிவந்த வழியை மறவாதிருப்பதற்குக் கூட்டங்களும் மலர்களும் மட்டும் போதா. இந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு ஜன்னலைத் துடைப்பவர் எங்கே நிற்கிறார் என்று எழுந்து சென்று பாருங்கள். அவர் விளிம்பில் நின்றால், உள்ளே அழையுங்கள்.